எனக்காக அவர் சொன்ன நாலு வார்த்தை

1

சனிக்கிழமை காலை தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். மெல்போர்னில் நாங்கள் இருக்கும் பக்கத்துத் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் போனில் வந்தார். பொங்கல் விழாவில் பாஸ்கரன் சாருக்குப் பாராட்டு. அவர் இந்த நாட்டுக்கு வந்து வெள்ளி விழா. புதிதாக வருகிறவர்களுக்கு வேலைக்கு வழிகாட்டும் பெரிய மனிதர் என்று பட்டம் கொடுக்கப் போகிறார்களாம்.

"நீங்கதாங்க பொன்னாடை போத்தணும். அவரால வேலை கெடச்சவங்க யாராவது ஒருத்தர் ரெண்டு வார்த்த பேசுனா நல்லா இருக்கும். அவரே உங்க பேரத்தான் சொன்னாரு. நம்ம ஊருப் பொண்ணு, நான்தான் வேலை வாங்கிக் குடுத்தேன்னாரு."

தோசை கருகியது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வராது. வந்தால் போகாது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று சொல்வார்கள், பழைய விஷயத்தைக் கிளறாதே என்பதற்கு. பழங்கஞ்சி குடித்து வளர்ந்தவள் நான். அதன் ருசி எனக்குத் தெரியும்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு பாஸ்கரன் சாரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கீழ்வேளூரில் பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் ஊருக்குள் நுழைந்தால் முதலில் தெரியும் மாடி வீடு அவர்களுடையது. அவருடைய அப்பா மிராசுதார். என் அப்பா காளியப்பன் அவர்கள் வயலில் வேலை பார்த்தவர். பிறகு அதே வயலின் வரப்பில் நின்று கூலி உயர்வு கேட்டவர். அறுப்பு நேரத்தில் நெல் கட்டுகளைக் களத்துக்குத் தூக்க மாட்டோம் என்று ஆட்களை உட்கார வைத்தவர். இன்று அப்பாவுக்கும் கொஞ்சம் நிலம் இருக்கிறது. சம்பா அறுத்ததும் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் காவல் கிடக்கிறார். அங்கிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் நெல் படம் அனுப்புவார்.

2

வந்த புதிதில் என்னிடம் இருந்த பெரிய சொத்து என் பயோடேட்டா. தஞ்சாவூரில் ஒரு விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். கடைசி வருடங்களில் என் கீழே ஆட்கள் இருந்தார்கள். விதை முளைக்குமா, கலப்படம் இருக்கிறதா, ஈரம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் தொழில். இந்த நாட்டிலும் கோதுமை விளைகிறது, பருப்பு விளைகிறது, வேலைக்கு என்ன பஞ்சம் என்று நினைத்து விமானம் ஏறினேன்.

என் பயோடேட்டாவில் தகப்பனார் பெயர் இருந்தது. பிறந்த தேதி, திருமணமானவர், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, எல்லாம் இருந்தன. வேலை தேடுவோருக்கு உதவும் அலுவலகத்தில் ஒரு பெண் சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தாள். அப்பா பெயரை அடித்தபோது ஏனோ எனக்குச் சுருக்கென்றது. "இது எதுக்கு அவங்களுக்கு?" என்று கேட்டாள்.  மனுவின் கடைசியில் 'தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்' என்பதை இங்கிலீஷில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அவள் சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால்கூடத் தேவலை.

போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி. உள்ளூர் அனுபவம் உண்டா? வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று ஒரு நேர்காணலில் கேட்டேவிட்டேன். நல்ல கேள்வி என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். கூட வேலை பார்ப்பவரோடு தகராறு வந்தால் என்ன செய்வீர்கள் என்றார்கள் இன்னொரு இடத்தில். தகராறே வராது, எல்லாவற்றையும் அட்ஜஸ்ட் செய்துகொள்வேன் என்றேன். நம்மூரில் அதற்குத்தான் மார்க். இங்கே அதற்குப் பெயில்.

என் கணவர் முருகேசன் ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றும் வண்டி ஓட்டினார். நான் ஒரு சமையல் காண்டிராக்ட்காரரிடம் வெங்காயம் உரித்தேன். மகள் கயல் பாலர் பள்ளியிலிருந்து வந்து, "அம்மா, உன் மேல வெங்காய வாசனை" என்று இங்கிலீஷில் சொல்லித் தள்ளிப்போவாள். பிள்ளை சொன்னதில் தப்பில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

அப்போதுதான் அந்தத் தானியப் பரிசோதனைக் கூடத்தின் விளம்பரம் வந்தது. சூப்பர்வைசர் வேலை. தஞ்சாவூரில் நான் செய்ததேதான். கூடவே இரண்டு பேரின் பெயரும் போன் நம்பரும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். உங்களைப் பற்றி அவர்களிடம் விசாரிப்போம் என்று எழுதியிருந்தது.

இங்கேதான் நான் நம்மூர்க்காரியாக யோசித்தேன். நம்மூரில் ஒரு வேலைக்குப் போவதென்றால் பெரிய இடத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். சொல்கிறவர் நம்மோடு வேலை பார்த்தவரா என்று யாரும் கேட்பதில்லை. எவ்வளவு பெரியவர் என்பதுதான் கேள்வி. ஒரு பெயருக்கு, இங்கே பழக்கமான ஒரு தமிழ் டாக்டரைப் போட்டேன். தஞ்சாவூரில் என் வேலையைத் தினமும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தமயந்தி மேடத்தின் பெயர் எனக்குத் தோன்றவேயில்லை. மேடம் ரிட்டயர்டு ஆகி வீட்டில் இருக்கிறார், அவர் சொல்லி யார் கேட்பார்கள் என்று நினைத்தேன். இன்னொரு பெயருக்கு பாஸ்கரன் சார் நினைவுக்கு வந்தார். அவருக்கு இங்கே பெரிய உத்தியோகம், பெரிய வீடு. அம்மாவும் போனில் சொன்னாள். "அய்யா வீட்டுத் தம்பி அங்கதான் இருக்காங்க. போயி ஒரு வார்த்த கேட்டுட்டு வா."

அப்பா போனைப் பிடுங்கினார். "யார்கிட்ட வேணாலும் கேளு. அவன்கிட்ட மட்டும் கேக்காத."

"ஏம்ப்பா, குடுக்க மாட்டாரா?"

"குடுத்துருவான். அதுக்குத்தான் சொல்றேன்."

அப்பாவுக்குப் பழைய பகை, வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

3

ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போனோம். எங்கள் ஊரில் அந்த வீட்டுக்குக் கொல்லைப்பக்கமாகத்தான் நாங்கள் போவோம். மெல்போர்னில் வீட்டுக்குக் கொல்லை வழி கிடையாது. முன்வாசலில் மணி அடித்தேன். சோபாவில் உட்காரச் சொன்னார்கள். அந்தச் சோபாவில் உட்கார்ந்ததில் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

"கீழ்வேளூர்ப் பக்கம்னா எந்த ஊரு?"

சொன்னேன்.

"நம்ம ஊரா! எந்தத் தெரு?"

தெருவையும் சொன்னேன். ஒரு விநாடி அவர் முகத்தில் ஏதோ சரிந்து மறுபடி நேரானது.

"யாரு மவ?"

"காளியப்பன் மகள் சார்."

"அட, காளியப்பன் நம்ம ஆளுல்ல! அவன் மவளா நீ? பாருடி, காளியப்பன் மவ ஆஸ்திரேலியா வந்திருக்கு" என்று உள்ளே குரல் கொடுத்தார். 'வாங்க'வில் தொடங்கிய பேச்சு அந்த இடத்தில் 'நீ' ஆனது. வயதில் பெரியவர், ஊர்க்காரர், உரிமையோடு சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"போன் வந்தா நான் பாத்துக்கிறேம்மா. தைரியமாப் போ" என்றார். காரில் திரும்பும்போது முருகேசனிடம் சொன்னேன், அப்பாவுக்கு மனிதர்களை எடைபோடத் தெரியவில்லை என்று.

நேர்காணல் நன்றாகப் போனது. ஹெலன் என்கிற அந்த மேனேஜர் நான் பேசுவதைத் தலையாட்டிக் கேட்டார். அடுத்த வாரம் கூப்பிட்டார். சூப்பர்வைசர் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. ஆனால் உதவியாளர் வேலை ஒன்று இருக்கிறது, தட்டும் சல்லடையும் கழுவுவது, மாதிரிப் பைகளை அடுக்குவது, வருகிறீர்களா?

போனேன். வெங்காயத்துக்கு அது மேல். அதோடு, ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு பாஸ்கரன் சார் வீட்டுக்கும் போனேன். அவர் ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நான் சொன்னா நடக்கும்" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

4

சல்லடை கழுவிய கதையை விரிக்கப் போவதில்லை. கழுவினேன். இரண்டாவது வருடம் பரிசோதனை மேஜைக்கு வந்தேன். அதற்கடுத்த வருடம் சூப்பர்வைசராக இருந்தவர் வேறு ஊருக்குப் போனார். ஹெலன் அந்த வேலைக்கு என்னைப் போட்டார். பிறகு ஹெலனே ஓய்வு பெற்றார். விடைபெறும் விருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லாமல் போனால் எனக்கு உறுத்தும் என்றார்.

அன்றைக்கு எனக்குத்தான் சூப்பர்வைசர் வேலை என்று முடிவாகியிருந்ததாம். அதற்குப் பிறகுதான் போனில் விசாரித்திருக்கிறார்கள். டாக்டர், தனக்கு என்னை அவ்வளவாகத் தெரியாது என்று மட்டும் சொன்னாராம். பாஸ்கரன் சார் நிறையப் பேசினாராம். நல்ல குடும்பம், தலைமுறை தலைமுறையாக எங்கள் நிலத்தில் வேலை பார்த்தவர்கள், விசுவாசமானவர்கள். எந்த வேலை கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் செய்வாள். ஆனால் நாலு பேருக்கு மேலே உட்கார வைத்துவிடாதீர்கள். அவர்களுக்கு அது பழக்கமில்லை, தடுமாறிவிடுவாள்.

"உன் மேல் அக்கறையாகப் பேசுகிறார் என்று நினைத்தோம். குடும்பத்தையே தெரிந்தவர் ஆயிற்றே என்று நம்பினோம். அது எங்கள் தவறு" என்றார் ஹெலன்.

நான் கேக்கைத் தின்று முடித்தேன். ஹெலனைக் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னேன். காருக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் கேட்ட அத்தனை வார்த்தைகளையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். இங்கிலீஷில் திட்டினால் வயிறு நிறைவதில்லை.

எனக்கு எது தாங்கவில்லை என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். வேலை போனதுகூட இல்லை. அவர் பொறாமைப்பட்டோ விரோதத்திலோ சொல்லியிருந்தால் எதிராளி என்று மதித்தாவது இருப்பேன். அவர் உபகாரம் செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். அந்த உபகாரத்துக்கு நான் லட்டு வாங்கிக்கொண்டு போய்க் கும்பிட்டேன். அந்தக் கும்பிட்டைத் திரும்ப வாங்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

5

முதலில் சில்லறையாகத்தான் ஆரம்பித்தேன். டெல்டாவிலிருந்து புதிதாக யார் வந்தாலும் தேடிப் போய்ப் பழகினேன். பயோடேட்டாவைக் காட்டுங்கள் என்பேன். விசாரிக்க யார் பெயர் போட்டிருக்கிறீர்கள் என்பேன். பாஸ்கரன் சார் என்றால், அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள் என்பேன். கூட வேலை பார்த்தவர் பெயரைப் போடச் சொல்வேன். மன்னார்குடியில் இருந்தாலும் சரி, அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தடுமாறினாலும் சரி, அவருக்கு உங்கள் வேலை தெரியும் என்பேன். வேலை கிடைத்தது. ஒருவர் இன்னொருவரை அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய சோபாவில் உட்கார வேண்டிய ஆட்கள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய தெருக்காரர்களுக்கும் அதையேதான் சொன்னேன். அவர்களைப் பற்றி அவர் நல்லபடியாகவே பேசியிருப்பார், அவர்களுக்கு உபயோகமாகவும் இருந்திருக்கும். இருந்தாலும் எடுக்கச் சொன்னேன். பழி என்றால் கணக்குப் பார்த்துச் செய்ய முடியாது.

அதனால்தான் செயலாளர் என்னைத் தேடி வந்தார். வேறு யாரைக் கேட்டாலும், "எனக்கு செல்வி அக்காதான் வழிகாட்டினாங்க" என்கிறார்களாம். பாஸ்கரன் சாருக்கு என்று எழுந்து நிற்க ஆள் இல்லை. மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான்.

மேடையில் மைக்கைப் பிடித்து அவர் சொன்னதைச் சொல்லிவிட்டால் போதும். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. அதைச் சொன்னால் நான் எந்தத் தெரு என்பது அரங்கம் முழுக்கத் தெரிந்துவிடும். இத்தனை வருடங்களில் இங்கே யார் கேட்டாலும், "தஞ்சாவூர் டவுன்" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். கேள்வி அங்கேயே நின்றுவிடும். கயலுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

முருகேசன் வேண்டாம் என்றார். "பொன்னாடைய போட்டுட்டு எறங்கிடு. பாப்பாவுக்கு எதுக்கு இதெல்லாம்? நாளைக்கு அதோட படிக்கிற புள்ளைங்க வேற மாதிரி பாத்தா என்ன பண்ணுவ?"

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. பழிவாங்க எனக்குக் கை கூசவில்லை. பிள்ளையை நினைத்துத்தான் கூசியது. அடுத்த வாரம் கயலை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டி வரும்போது காரை ஓரமாக நிறுத்திச் சொன்னேன். எந்த ஊர், எந்தத் தெரு, யார் வயல், தாத்தா என்ன செய்தார், எங்களை எந்த வாசல் வழியாக விட்டார்கள், எல்லாம். பாதித் தமிழ், பாதி இங்கிலீஷ். 

அவள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். "அப்ப அவங்க பாஸ், தாத்தா யூனியன் லீடர். அப்படியா?"

"அப்படித்தான்."

"தாத்தா ஜெயிச்சாரா?"

"கூலி ஏத்திக் குடுத்தாங்க."

"சூப்பர். சிப்ஸ் வாங்கலாமா?"

எனக்கு ஒரு பக்கம் ஆத்திரமாக இருந்தது. நான் இத்தனை வருடம் பொத்தி வைத்திருந்ததை ஒரு நிமிடத்தில் தாண்டிப் போய்விட்டாள். இவளுக்கு அந்த வலி எப்போதுமே தெரியாது, தெரியாததால் எங்களிடமிருந்து இன்னும் ஒரு அடி தள்ளித்தான் நிற்பாள். நிற்கட்டும். சிப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து செயலாளரைக் கூப்பிட்டு, வருகிறேன் என்று சொன்னேன்.

6

ஊரில் மார்கழிப் பனி முடிந்து பொங்கல் வரும். இங்கே அது கொளுத்துகிற கோடை. வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட அரங்கில் பட்டுப்புடவைக்குள் எல்லோரும் வெந்துகொண்டிருந்தோம். பாஸ்கரன் சார் மேடையில் வேட்டி சட்டையில் உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் அவருடைய மனைவியும் மகளும். மகள் இங்கேயே வளர்ந்து வக்கீலாக இருக்கிறாள்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஏறினேன். ஒரு கையில் பொன்னாடை, ஒரு கையில் மைக். பேச வேண்டியதைக் குளியலறைக் கண்ணாடி முன்னால் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் வேறொன்று தோன்றியது. நான் சொன்னால் அது என் புகார் ஆகிவிடும். அவர் மறுக்கலாம். பாதிப் பேர் அவரை நம்பலாம். இந்த மனிதருக்கு எதை மறைக்க வேண்டும் என்றுகூடத் தெரியாதே.

"நான் வேலை தேடி அலைஞ்சப்போ சார் எனக்காகப் போன்ல பேசுனாங்க" என்றேன். "என்ன பேசுனாங்கன்னு நான் சொல்றத விட, சாரே சொன்னாத்தான் நல்லா இருக்கும். சார், அன்னைக்கு என்னைப் பத்திச் சொன்னத அப்படியே நம்ம ஆளுங்களுக்கும் சொல்லுங்க சார்."

மைக்கை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் பூரித்துப்போய் எழுந்தார். "இது காளியப்பன் மவங்க. எங்க வயல்ல பரம்பரையா வேலை பாத்த குடும்பம். காளியப்பன் எங்க அப்பா முன்னாடி நிமிர்ந்து நின்னதில்ல. வெள்ளைக்காரி போன்ல கேட்டா. நான் உள்ளதச் சொன்னேன். விசுவாசமான சனங்க, எந்த வேலையக் குடுத்தாலும் செய்யும், ஆனா நாலு பேருக்கு மேல உக்கார வச்சுடாதீங்க, அதுங்களுக்குப் பழக்கமில்ல, தடுமாறிடும்னு. நான் அப்படி எடுத்துச் சொன்னதாலதான் இந்தப் பொண்ணுக்கு ஏதோ ஒரு வேலை கெடச்சுது. யாரா இருந்தாலும் நம்மாலானதச் செய்யணும்ங்க."

சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காகச் சிரித்துக்கொண்டே நின்றார். பின்வரிசையில் ஒருவர் தட்ட ஆரம்பித்து, மற்றவர்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்தப் பின்வரிசைகளில் அவர் பெயரை எடுத்துவிடும்படி நான் சொன்ன ஆட்கள் நிறைய இருந்தார்கள்.  முன்வரிசையில் அவருடைய மகள் எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். போகும்போது அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் மைக்கை வாங்கி, "எங்கப்பா நிமிர்ந்து நின்னுதான் கூலி கேட்டாரு சார், உங்கப்பாகிட்ட. நான் அந்த லேபுக்கு இப்ப சூப்பர்வைசர்" என்றேன். பொன்னாடையை மடித்து அவர் நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினேன். 

"நுணலும் தன் வாயால் கெடும்" என்றார் முருகேசன், காரில். பாவமாக இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அன்று மதியம் இரண்டு தரம் சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டேன்.

யாரோ எடுத்த வீடியோ ஊருக்கும் போய்விட்டது. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்ப்பதாக அம்மா சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து பாஸ்கரன் சார் என்னைக் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"ஏம்மா, நான் தப்பா என்ன சொல்லிட்டேன்? நல்லதுதானே சொன்னேன்? எம் பொண்ணு போன எடுக்க மாட்டேங்கிறா. செக்ரட்டரியும் எடுக்கல. என்ன தப்புன்னு நீயாவது சொல்லேன்."

மெய்யாகவே அவருக்குத் தெரியவில்லை. சொல்லலாம். பத்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். தன் மகளிடம் மன்னிப்புக் கேட்கக்கூட அதில் அவருக்கு வழி கிடைத்திருக்கும்.

"யோசிச்சுப் பாருங்க சார்" என்று வைத்துவிட்டேன்.

சித்திரையில் கோயில் திருவிழாவுக்கு அவர் ஊருக்கு வருகிறாராம். பார்க்கிறவர்களிடமெல்லாம் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். உங்களிடமும் கேட்பார். காப்பி கொடுங்கள், உட்கார வையுங்கள், மரியாதையாகப் பேசுங்கள். ஆனால் என்ன தப்பு என்று மட்டும் தயவுசெய்து யாரும் அவருக்குச் சொல்லிவிடாதீர்கள்.